பாப்பாவின் காலைத் தூக்கம்

பள்ளியில் காலை இடைவேளை மணி அடித்ததும் நான் முதலில் செய்தது வீட்டுக்குப் போன் போடுவதுதான். டிசம்பரில் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து பல மாதம் அப்படித்தான் இருந்தது. கேட்பது ஒரே கேள்வி. "தூங்கிட்டாளா அத்தை?"

சாப்பிட்டாளா என்று கேட்க மாட்டேன். என் மாமியார் கையில் இருக்கும் பிள்ளை பசியோடு இருக்காது. ஆனால் தூக்கம் அப்படி ஊட்டிவிடக் கூடியது இல்லை. அது வந்தால்தான் உண்டு.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து பேறுகால விடுப்பு 12 மாதம். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே விடுப்பில் போய்விட்டதால், பாப்பாவுக்கு 11 மாதம் ஆனபோது மேலூர்ப் பக்கத்தில் இருக்கும் என் பள்ளிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வீடு மதுரை ஒத்தக்கடையில். காலை எட்டே காலுக்குக் கிளம்பினால் திரும்பி வர மாலை ஐந்து ஆகும். அந்த ஒன்பது மணி நேரத்துக்குள் பாப்பா இரண்டு முறை தூங்குவாள். காலை ஒன்பதரைக்கு ஒன்றே கால் மணி நேரம், மதியம் இரண்டரைக்கு ஒரு மணி நேரம். இரவு எட்டுக்குப் படுத்தால் விடிந்து ஆறுக்கு எழுவாள். நடுவில் ஒரு முறை பாலுக்கு முழிப்பதைத் தவிர வேறு தொந்தரவு கிடையாது.

இந்த நல்ல தூக்கத்தை நானேதான் கெடுத்தேன். எப்படிக் கெடுத்தேன் என்று விவரமாக எழுதுகிறேன். இதே வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் ஒரு வீட்டுக்காவது உதவும்.

நான் வேலைக்குப் போன இரண்டாவது வாரம், பாப்பா தொடர்ந்து நான்கு நாள் மதியத்தில் தூங்கவில்லை. பாயில் போட்டால் எழுந்து நிற்பாள். பீரோவைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நான்கு எட்டு, இந்தப் பக்கம் நான்கு எட்டு. "ஒரு வயசு ஆகப் போகுதுல்ல, இனிமே ஒரு தூக்கந்தான்" என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். எனக்கும் அது வசதியாகப் பட்டது. பாப்பா காலையில் தூங்காமல் மதியம் நீளமாக ஒரே தூக்கம் போட்டால், அத்தையும் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் முதுகைச் சாய்க்கலாம். முழங்கால் வலியோடு பிள்ளை பின்னால் நாள் முழுக்க ஓடுகிறவர் அவர். அதனால் காலைத் தூக்கத்தை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். பாப்பாவைப் பார்த்து எடுத்த முடிவு இல்லை அது. எங்கள் நாளின் வசதியைப் பார்த்து எடுத்தது.

அடுத்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. மதியச் சாதம் ஊட்டும்போதே வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சொக்கி விழுவாள். நாற்பது நிமிடத்தில் அழுதுகொண்டே எழுவாள். மாலை நான் செருப்பைக் கழற்றும்போது அத்தையின் தோளில் மறுபடி அசந்து கிடப்பாள். இரவில் பதினொன்றுக்கு ஒரு அழுகை, இரண்டுக்கு ஒரு அழுகை, நாலரைக்கு முழு விழிப்பு. பகலில் தூக்கத்தைக் குறைத்தால் இரவில் அடித்துப் போட்டது போலத் தூங்குவாள் என்றுதான் நினைத்திருந்தேன். நடந்தது நேர் எதிர்.

குழந்தை மருத்துவரிடம் போனோம். காதைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், எடை போட்டார், இரும்புச் சத்து குறைந்திருக்கிறதா என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம், மூன்று நாளைக்குப் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறது, எத்தனை மணிக்கு எழுகிறது என்று மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அத்தை தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்தார். கூட்டிப் பார்த்தால் 24 மணி நேரத்துக்கு ஒன்பதரை மணி நேரம்தான் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 4 முதல் 11 மாதம் வரையான குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம், 1 வயது முதல் 2 வயது வரை 11 முதல் 14 மணி நேரம் என்று இருக்கிறது. பாப்பாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது.

மருத்துவர் விளக்கியதை என் சொல்லில் சொல்கிறேன். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரத் தூக்கம் கண்ணைக் கட்டும், அதற்குப் பெயர்தான் தூக்க அழுத்தம். தூங்கினால் கரையும். பெரியவர்களுக்கு அது நிரம்ப ஒரு பகல் முழுக்க ஆகும், சின்னப் பிள்ளைக்குச் சில மணி நேரத்திலேயே நிரம்பிவிடும். அந்த நேரத்தில் தூங்க விடாமல் இழுத்துப் பிடித்தால், உடம்பு விழித்திருப்பதற்காக வேறு சுரப்பிகளைத் துணைக்குக் கூப்பிடும். அப்போது பிள்ளை களைத்தும் இருக்கும், படபடப்பாகவும் இருக்கும். படுக்கப் போட்டால் துள்ளும். நாம் 'தூக்கம் வரவில்லை போல' என்று நினைத்து இன்னும் தள்ளிப்போடுவோம்.

"நடக்கப் பழகுற பிள்ளை நாலு நாள் தூங்காது. அதை வச்சு ஒண்ணும் மாத்தாதீங்க. ரெண்டு வாரம் பொறுத்துப் பாருங்க" என்றார். இரண்டு தூக்கம் ஒன்றாவது பெரும்பாலும் 12 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் நடுவில்தான், அவசரமே இல்லை என்று சொல்லி அனுப்பினார். காலைத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஐந்தாறு நாளில் வீடு பழையபடி ஆனது. மதியத்தில் படுக்க மறுக்கும் நாளில் அத்தை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு முருங்கை மரத்தடியில் நடப்பார். அரை மணி நேரமாவது கண்ணை மூடுவாள். அது போதுமாக இருந்தது.

தொட்டிலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஆறு மாதம் வரை அத்தையின் பழைய சுங்குடிச் சேலையில் கட்டிய தொட்டிலில்தான் பாப்பா தூங்கினாள். ஏழாவது மாதம் ஒரு நாள், சேலையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு எட்டிப் பார்த்தாள். அன்றைக்கே கொக்கியிலிருந்து கழற்றிவிட்டோம். எழுந்து உட்காரத் தெரிந்த பிள்ளை துணித் தொட்டிலில் இருந்தால் தலைகுப்புற விழலாம், துணி கழுத்தில் சுற்றிக்கொள்ளவும் செய்யலாம். நல்ல தூக்கத்துக்காக அந்த ஆபத்தைக் கூட வைத்துக்கொள்ளக் கூடாது. கொஞ்ச நாள் அழத்தான் செய்தாள். தரையில் கோரைப்பாய், அதன் மேல் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்த மெல்லிய விரிப்பு. தலையணை கிடையாது. அந்தச் சுங்குடியை அத்தை தன் மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுத்தார். இரண்டு வாரத்தில் பாய் பழகிவிட்டது.

சரி, பிள்ளை உண்மையிலேயே தயார் ஆகிவிட்டது என்பது எப்படித் தெரியும்? எங்களுக்கு மார்ச்சில் தெரிந்தது, பாப்பாவுக்கு 14 மாதம் முடிந்தபோது. இந்த முறை டிசம்பரைப் போல நான்கு நாள் கூத்து இல்லை. காலையில் ஒன்பதரைக்குப் படுக்கப் போட்டால் அழாமல், சிணுங்காமல், முக்கால் மணி நேரம் கால் விரலைப் பிடித்து விளையாடிவிட்டுப் பத்தே காலுக்குத்தான் தூங்கினாள். அப்படித் தூங்கிய நாளில் மதியத் தூக்கம் மூன்றரை, நாலு என்று தள்ளிப்போனது. இரவு ஒன்பதரை வரை கண் பளிச்சென்று இருந்தது. முக்கியமாக, காலைத் தூக்கம் தவறிப்போன ஒன்றிரண்டு நாளில் பதினொன்றரை வரை முகம் கோணாமல் இருந்தாள். இரண்டு வாரம் பார்த்தோம், மூன்றாவது வாரமும் அப்படியே இருந்தது.

திட்டம் எளிமையானது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை, காலைத் தூக்கத்தைக் கால் மணி நேரம் தள்ளிக்கொண்டே போய், மதியம் பன்னிரண்டே காலில் நிறுத்த வேண்டும். ஏப்ரல் நடுவில் தொடங்கினோம். முதல் வாரமே முட்டிக்கொண்டு நின்றது. ஒன்பதரைக்குக் கண்ணைக் கசக்கினாள், காதைப் பிடித்து இழுத்தாள். வாசலில் கோழி காட்டினாலும் பாத்திரத்தைத் தட்டச் சொன்னாலும் பத்து மணிக்கு மேல் தாங்கவில்லை. டிசம்பர் மாதிரி மறுபடி அவசரப்பட்டுவிட்டோமா என்று எனக்குப் பயமாகிவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடித்தது அத்தைதான். "இவ தூக்கத்துக்கா ஏங்குறா? தண்ணி ஊத்துனா தூங்கணும்னுல்ல இவளுக்குப் பழக்கம்" என்றார். பிறந்த 20-ஆம் நாளிலிருந்து பாப்பாவுக்குக் காலை ஒன்பதுக்குக் குளியல். காலை நீட்டி, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, துடைத்துப் பொட்டு வைத்துப் படுக்கப் போட்டால் தூக்கம். 14 மாதமாக அவள் உடம்பு படித்த பாடம் அது. குளியலை ஒன்பதிலேயே வைத்துக்கொண்டு தூக்கத்தை மட்டும் தள்ளப் பார்த்தால் எப்படி நடக்கும்!

அதற்கப்புறம் குளியலைத்தான் தள்ளினோம். ஒன்பதே கால், ஒன்பதரை, ஒன்பதே முக்கால். தூக்கம் தானாகப் பின்னாலேயே போனது. ஒவ்வொரு வீட்டிலும் காலைத் தூக்கத்தோடு இப்படி ஏதாவது ஒன்று முடிச்சுப் போட்டு இருக்கும். பாலாக இருக்கலாம், அண்ணன் பள்ளிக்குக் கிளம்பும் சத்தமாக இருக்கலாம். அந்த முடிச்சைத் தேடிப் பிடிப்பதுதான் பாதி வேலை என்று எனக்குப் படுகிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளையோடு மல்லுக்கட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

சாப்பாட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. முன்பெல்லாம் பன்னிரண்டரைக்குத்தான் பருப்பு சாதம். தூக்கமே பன்னிரண்டே காலுக்கு என்றால் அதற்குள் வயிறு நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முக்கால் மணி நேரத்தில் பசியில் எழுந்துவிடுவாள். பத்து மணிக்கு வாழைப்பழமோ கேழ்வரகுக் கூழோ கொஞ்சம், பதினொன்றே காலுக்குக் குளியல், பதினொன்றரைக்கு நெய் விட்டுப் பிசைந்த சாதம் என்று ஆனது. அத்தை உலை வைக்கும் நேரம் ஒரு மணி நேரம் முன்னால் வந்தது.

மே மாதத்தின் முதல் பாதிதான் கடினம். தூக்கம் பதினொரு மணியில் நிற்கும் கட்டம் அது. காலைத் தூக்கமாகவும் இல்லை, மதியத் தூக்கமாகவும் இல்லை. பன்னிரண்டரைக்கு எழுந்துவிட்டால் இரவு வரை ஏழெட்டு மணி நேரம் எப்படித் தாங்கும்? அந்த நாட்களில் மூன்று மணிக்கு இருபது நிமிடம் தோளில் ஒரு கோழித் தூக்கம் போட விட்டோம். நாலு மணிக்கு மேல் மட்டும் தூங்க விடவில்லை. அத்தைக்கு இதில் சந்தேகமே கிடையாது. விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளை படுத்திருக்கக் கூடாது என்பது அவர் வளர்ந்த வீட்டின் வழக்கம். மாலையில் தாமதமாகத் தூங்கினால் இரவுக்கு வேண்டிய தூக்க அழுத்தம் கரைந்துபோகும் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். அவருக்கு லட்சுமியே போதுமான காரணம்.

அந்தப் பக்கம் வெயில். கோடை விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன், அது பெரிய உதவி. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் எங்கள் மாடி அறையில் மதியம் ஒரு மணிக்கு மின்விசிறி அனலைத்தான் வீசும். காலைத் தூக்கம் இருந்தவரை இது தெரியவில்லை, ஒன்பதரைக்கு அறை குளிர்ச்சியாகத்தான் இருக்கும். மதியத்தில் கழுத்தெல்லாம் வியர்த்து முக்கால் மணி நேரத்தில் எழுந்தாள். கீழே நெல் மூட்டை போட்டிருந்த வடக்குப் பார்த்த அறையை ஒழித்து, தரையை ஈரத் துணியால் துடைத்து, சன்னலுக்குப் பழைய போர்வையைத் திரையாகக் கட்டிப் பாயை அங்கே விரித்தோம். மறுநாளே ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். தூக்கம் மதியத்துக்கு மாறும்போது இடமும் மாற வேண்டியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கீழ் அறையில் ஒரே குறை தெருச் சத்தம். சரியாக ஒரு மணிக்குப் பழைய இரும்பு, பித்தளை எடுக்கும் வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரலோடு வருவார். அத்தை ஒரு நாள் வாசலில் காத்திருந்து, "தம்பி, பேத்தி தூங்குதுப்பா. இந்த ரெண்டு வீட்டை மட்டும் தாண்டிட்டுப் போட்டுக்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு முனையில் அவர் ஒலியை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார். ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் கேட்டு வந்தபோது மோர் கொடுத்தோம். அவர் வீட்டிலும் எட்டு மாதப் பிள்ளை இருக்கிறதாம்.

இதற்கு நடுவில் சித்திரைத் திருவிழா. அம்மா வீடு புதூரில், அழகர் வரும் வழியில். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று அங்கே இருக்காமல் முடியாது, எனக்கும் இருக்க ஆசைதான். வேட்டும் கொட்டும், சர்க்கரைச் செம்போடு நிற்கும் பெண்களும், தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுமாக ஊரே விழித்திருக்கும் இரவில் பாப்பா மட்டும் எட்டு மணிக்குத் தூங்குவாளா? மூன்று நாள் எல்லாம் குலைந்தது. திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து பிடிக்கப் பார்க்காமல், மூன்று நாள் பழையபடி இரண்டு தூக்கமும் கொடுத்துக் கடனை அடைத்துவிட்டு, பிறகு மறுபடி தள்ளினோம். காய்ச்சல், சளி, பல் முளைக்கும் நாட்களிலும் இதையேதான் செய்தோம். இரண்டு தூக்கத்துக்குத் திரும்பிப் போனால் செய்ததெல்லாம் வீண் என்று பயப்பட வேண்டாம். எங்களுக்கு ஒரு தடவையும் வீணாகவில்லை.

வீட்டில் இதற்கு அதிக விலை கொடுத்தவர் என் கணவர். ஒரே தூக்கத்துக்கு மாறும் வாரங்களில் பிள்ளை இரவில் சீக்கிரம் படுத்தால்தான் கணக்குச் சரியாகும். ஏழு மணி, சில நாள் ஆறே முக்கால். கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரக் கடையில் அவருக்கு வேலை. கடை அடைத்து வீடு வர ஒன்பதே கால் ஆகும். மார்ச்சில் அவளே ஒன்பதரை வரை விழித்திருந்த நாட்களில், அவர் வந்ததும் கையில் கொடுப்போம். இப்போது வரும்போது பாப்பா தூங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். முதல் வாரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருட்டில் பாய் ஓரத்தில் உட்கார்ந்து, காலில் இருக்கும் கொலுசை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போவார். எனக்குத் தாங்கவில்லை. "எட்டரை வரைக்கும் வச்சிருக்கட்டுமா, நீங்க சனிக்கிழமை மட்டுமாச்சும் சீக்கிரம் வாங்களேன்" என்றேன். "வேணாம். பிள்ளை தூங்கட்டும். காலையில நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாளிலிருந்து ஐந்தரைக்கு எழுந்துகொண்டார். பாப்பா ஆறுக்கு எழும்போது முதலில் பார்ப்பது அவர் முகம். தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு யானைமலை அடிவாரம் வரை நடப்பார். விடியல் வெளிச்சம் நேராகக் கண்ணில் படுவது பிள்ளையின் உடம்புக் கடிகாரத்துக்கு நல்லது என்று பிற்பாடு மருத்துவர் சொன்னார். அதற்காகப் போனவர் இல்லை அவர். பாப்பா மலையைக் காட்டி "ஆனை" என்று சொல்லத் தொடங்கியது அந்த நடையில்தான்.

சொந்தக்காரர்களில் சிலர், இவ்வளவு பாடுபடுவதற்குப் பகல் தூக்கத்தையே விட்டுவிடலாமே என்றார்கள். விட முடியாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று வயது வரையாவது ஒரு பகல் தூக்கம் வேண்டும். 2015-ல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், 6 மாத, 12 மாதக் குழந்தைகளுக்குக் கைப்பொம்மை ஒன்றை வைத்துப் புதிதாக ஒரு விளையாட்டைக் காட்டினார்கள். பார்த்த நான்கு மணி நேரத்துக்குள் அரை மணி நேரமாவது தூங்கிய குழந்தைகள்தான் அதை நினைவு வைத்துப் பின்னால் செய்து காட்டினார்கள். காலையில் 'ஆனை' பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு மதியத் தூக்கம் எதற்கு என்று கேட்டவர்களிடம் நான் இதைத்தான் சொன்னேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. பாப்பாவுக்கு இப்போது 17 மாதம். பன்னிரண்டே காலுக்குப் படுத்தால் இரண்டு, இரண்டேகாலுக்கு எழுகிறாள். இரவு ஏழரைக்குத் தூக்கம். அத்தையும் அவள் பக்கத்திலேயே கையை மடக்கித் தலைக்கு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படுக்கிறார். டிசம்பரில் நான் அவருக்குக் கொடுக்க நினைத்த ஓய்வு அது.

காலை இடைவேளையில் இப்போது போன் போடுவதில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும், டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் போடுகிறேன். பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று அத்தை பேசுவதில்லை. போனை எடுத்து, பாப்பாவின் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடிக்கிறார். மூச்சுச் சத்தம் கேட்கிறது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைக்கிறேன்.